சாம்பிள் காட்டாமல் தேயிலை விற்குமா?

(தோட்ட வாசிகசாலையில் பெற்றோருக்கும் இளைஞர்களுக்கும் நடந்த கூட்டத்தில் சகோதரி ஒருவர் ஆற்றிய உரை. இவர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது திருகோணமலையில் இருந்து இணையத்தளம் வடிவமைக்கும் தொழில் செய்கிறார். பேசிய முறையிலேயே பெரும்பாலும் தருகிறோம்.)



இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. விறகுக்குப் போகிற வேலையையும் துணி தொவைக்கிற வேலையையும் ஒரு பக்கம் வச்சிட்டு இங்க வந்து உக்காந்திருக்கீங்க. அதனால வீண் பேச்சுப் பேசி உங்க நேரத்தைக் கெடுக்க மாட்டேன். நான் செய்கிற தொழிலில் ஒரே ஒரு பகுதியைப் பற்றி மட்டும் சொல்லப் போகிறேன். ஒரு வேலையைச் செய்து முடிப்பதற்கு முன்னால், அது எப்படி இருக்கும் என்று வேலை கொடுத்தவருக்குக் காட்டுவது. அவ்வளவுதான். இதில் நான் பட்ட நட்டத்தையும் சொல்கிறேன், படித்துக்கொண்டதையும் சொல்கிறேன்.

எங்க அம்மா முப்பது வருசத்துக்கு மேல கொழுந்து எடுத்தவங்க. நான் கம்பியூட்டர் படிக்கப் போறேன்னு சொன்னப்ப, "அதுல என்னா புள்ள செய்வ?"ன்னு கேட்டாங்க. "இணையத்தளம் செய்வேம்மா, முதல்ல படம் வரஞ்சி காட்டி, சரின்னா செய்வேன்"னு சொன்னேன். "படம் வரையிறதுக்குச் சம்பளம் குடுப்பாங்களா?"ன்னு சிரிச்சாங்க. இங்க இருக்கிற தாய் தகப்பன்மாருக்கும் அந்த எண்ணம் இருக்கலாம். அதனால முதல்ல அதையே எடுத்துக்கொள்வோம்.

நீங்க எடுக்கிற கொழுந்து பெக்டரிக்குப் போய்த் தூளாகிறது. அந்தத் தூள் கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. கொழும்பில் தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு தொடங்கியது. அன்றைக்கிருந்து இன்றுவரை ஒரு வழக்கம் மாறவில்லை. மூட்டை மூட்டையாக இருக்கிற தேயிலையை யாரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க மாட்டார்கள். ஏலத்துக்கு முன்னாலேயே புரோக்கர் கம்பனி கொஞ்சம் கொஞ்சம் சாம்பிள் எடுத்து வாங்குகிறவர்களுக்கு அனுப்பும். டேஸ்டர் அதை ஊற்றி, கரண்டியால் உறிஞ்சி, வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டு, அதற்குப் பிறகுதான் விலை சொல்வார். 2020 ஏப்ரலில் கொரோனா நேரம் அந்த ஏலம் கம்பியூட்டருக்கு மாறியது. விலை கேட்பது கம்பியூட்டரில் வந்ததே தவிர, சாம்பிளைக் கம்பியூட்டரில் ருசி பார்க்க முடியுமா? அது இன்னமும் வாயில்தான்.

நான் வரைகிற படமும் இந்தச் சாம்பிள்தான். இணையத்தளம் என்பது ஒரு கடைக்கு, பாடசாலைக்கு, ஆஸ்பத்திரிக்கு இன்டர்நெட்டில் இருக்கிற முகப்பு. போனில் தட்டினால் கடையின் பேர், சாமான், விலை, தொடர்புகொள்கிற நம்பர் எல்லாம் வரும். அதைச் செய்து முடிக்க வாரக்கணக்கு, சில வேளை மாதக்கணக்கு ஆகும். முடித்த பிறகு "இது நான் கேட்டது இல்லையே" என்று சொன்னால் அத்தனை உழைப்பும் வீண். அதனால் முன்கூட்டியே ஒரு மாதிரிப் படம் செய்து காட்டுவோம். இங்கிலீசில மொக்கப் என்பார்கள். பார்க்க இணையத்தளம் மாதிரியே இருக்கும், தொட்டால் ஒன்றும் நடக்காது. வெறும் படம்.

சாம்பிளுக்கு ஒரு தர்மம் உண்டு, அது உங்களுக்கு நல்லாத் தெரியும். மூட்டையில் என்ன இருக்கிறதோ அதுதான் சாம்பிளிலும் இருக்க வேண்டும். நல்ல தூளைச் சாம்பிளில் காட்டிவிட்டு மூட்டையில் வேறு தூளைப் போட்டால் அந்தத் தோட்டத்து மார்க்குக்கே பேர் கெட்டுப் போகும். என்னுடைய தொழிலில் முதல் முதலாக நான் செய்த தப்பு இதுதான். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியா என்று ஒரு ஊர். அதில் குறிஞ்சாக்கேணி என்று ஒரு பகுதி. களப்பு, வயல், மாடு, மீன்பிடி இதுதான் அங்க வாழ்க்கை. முஸ்லிம் ஜனங்கள் கூடுதலா இருக்கிற இடம், நம்மள மாதிரி தமிழ்தான் பேசுவாங்க. அங்க எருமைத் தயிர் வியாபாரம் செய்கிற ஒரு நானா என்னிடம் இணையத்தளம் செய்து தரச் சொன்னார். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் வந்து தங்குகிற ஹோட்டல்களுக்குச் சட்டித் தயிர் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பேசிய தொகை 40,000 ரூபா. அப்போது எனக்கு அது பெரிய காசு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவருடைய கடைக்குப் போகவே இல்லை. போனில் பத்து நிமிசம் பேசினேன். இன்டர்நெட்டில் இருந்து ஒரு தயிர்ப் படம் எடுத்தேன். கண்ணாடிக் கிளாஸில் வெள்ளை வெளேரென்று தயிர், மேலே ஸ்ட்ரோபெரிப் பழம். எழுத்து வருகிற இடத்திலெல்லாம், இந்தத் தொழிலில் எல்லாரும் போடுகிற மாதிரி, அர்த்தமில்லாத லத்தீன் வார்த்தைகளை நிரப்பினேன். மூன்று நிறத்தில் மூன்று மாதிரிப் படம். லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு தரம் போய் டவுனில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வைத்துக் காட்டினேன்.

அவர் பார்த்தார். "நல்ல வடிவா இருக்கு மகள்" என்றார். "எது புடிச்சிருக்கு நானா?" என்றேன். "நீங்க படிச்ச புள்ள, ஒங்களுக்குத் தெரியும்தானே. அந்தப் பச்சைய வைங்க" என்றார். எனக்கு வாயெல்லாம் சிரிப்பு. மூன்று கிழமை ராத்திரி பகலாக இருந்து பச்சை நிறத்தில் செய்து முடித்தேன்.

முடித்துக் காட்டின அன்றைக்கு அவர் போனை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மகள், இதுல எங்கட தயிர் எங்க?"

அந்தக் கண்ணாடிக் கிளாஸ் இருந்த இடத்தில் அவருடைய மண் சட்டியை வைத்தால் இடம் கொள்ளவில்லை. சட்டியின் வாயில் கட்டுகிற கடதாசியில் அவர் கடைப் பேர் இருக்கிறது, அது தெரியவில்லை. ஓடர் எழுதுகிற படிவம் ஒன்று வைத்திருந்தேன். அதை நிரப்பினால் ஈமெயில் போகும். அவர் ஈமெயில் பார்க்கிறவரே இல்லை. ஹோட்டல்காரர் ராத்திரி ஓடர் கொடுத்தால் விடியக் காலையில் சட்டி போக வேண்டும். ஈமெயிலை யார் பார்ப்பது? லெப்டொப்பில் அழகாக இருந்த பக்கம் அவருடைய சின்னப் போனில் எழுத்து பொடிப்பொடியாகிப் போச்சு.

அவர் சண்டை பிடிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வெட்கம். "பரவாயில்ல மகள், இருக்கட்டும்" என்றார். நான் அந்தப் பணத்தில் பாதியை வாங்கவில்லை. திரும்பச் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று கிழமை உழைப்பு அப்படியே போச்சு. அரைப் பேர் போட்ட நாள் வீட்டுக்கு வருகிற மனசு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

தப்பு யாருடையது? அவர் "நல்லா இருக்கு" என்று சொன்னாரே என்று நான் கேட்கலாம். ஆனால் நம்ம சனங்களிடையே "நல்லா இருக்கு" என்றால் அது மரியாதைப் பேச்சு. விருந்துக்கு வந்தவர் சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார். படிச்ச புள்ள கஷ்டப்பட்டு வரைஞ்சிட்டு வந்திருக்கு, குறை சொல்லக் கூடாது என்று நினைக்கிற பெரிய மனுசரிடம் நான் "புடிச்சிருக்கா" என்று கேட்டது என் பிழை. மூன்று நிறத்தைக் காட்டினேன், அதனால் அவர் நிறத்தைப் பற்றிச் சொன்னார். சட்டியைப் பற்றியோ ஓடரைப் பற்றியோ சொல்ல நான் அவருக்கு இடமே கொடுக்கவில்லை.

இரண்டாம் தரம் நான் லெப்டொப் எடுக்கவில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு காலையிலேயே பஸ் ஏறினேன். கிண்ணியாவுக்குப் போகிற வழியில் பெரிய பாலம் ஒன்று இருக்கிறது, 396 மீற்றர் நீளம். 2009ஆம் ஆண்டு திறந்தார்கள். அந்தப் பாலம் வருகிறதற்கு முன்னால் அந்த இடத்தில் படகுப்பாதையில் ஏறித்தான் கடக்க வேண்டும். பாதை என்று அங்க சொல்வது நம்ம ரோட்டுப் பாதை இல்லை. ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கிற தட்டையான மிதவை.

நானாவின் கடைக்குப் போய், பால் வருகிற நேரம் முதல் சட்டி ஏற்றுகிற நேரம் வரை உட்கார்ந்து பார்த்தேன். பிறகு அவர் என்னைக் களப்புப் பக்கம் கூட்டிப் போய் ஒரு இடத்தைக் காட்டினார். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலையில் படகுப்பாதை கவிழ்ந்த இடம். உங்களில் பலர் ரூபவாஹினியில் பார்த்திருப்பீர்கள். குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதுப் பாலம் கட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. அதனால் ஜனங்கள் தண்ணீரைக் கடக்க அந்த மிதவையில் போனார்கள். பாடசாலைக்குப் போகிற நேரம். அன்றைக்கே ஆறு பேர் இறந்துபோனார்கள். அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

ஒரு வெப்சைட் கதைக்கு நடுவில் இதை எடுத்துச் சொல்ல எனக்கு மனசு கூசுகிறது. பிள்ளைகளின் உயிரும் தயிர்க் கடைப் படமும் ஒன்றல்ல. ஆனால் அந்தக் கரையில் நின்றபோது எனக்குள் வந்த கேள்வியை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஒரு பாலத்துக்குப் படம் போடும்போது, கட்டி முடிந்த பாலம் எப்படி இருக்கும் என்று போடுகிறோம். அது பார்க்க அழகாக இருக்கும். கட்டி முடியும்வரைக்கும் பிள்ளைகள் எதில் போவார்கள் என்பது அந்தப் படத்தில் வராது. படத்தில் வராத அந்த நாட்களில்தான் மனுசர் வாழ வேண்டியிருக்கிறது. அதனால் எந்தப் படத்தைக் காட்டினாலும், இதில் இல்லாதது என்ன, முடியும்வரை என்ன வழி என்று காட்டுகிறவரும் சொல்ல வேண்டும், பார்க்கிறவரும் கேட்க வேண்டும். அன்றையிலிருந்து நான் எந்த வேலைக்குப் படம் கொண்டு போனாலும் இந்த இரண்டையும் முதலில் சொல்கிறேன்.

இப்போது தம்பி தங்கச்சிமாருக்கு வேலை முறையைச் சொல்கிறேன். கம்பியூட்டர் படிக்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, வரையிறதுக்கு முன்னால போய்ப் பாருங்கள். கடை என்றால் கடைக்குப் போங்கள். யார் வாங்குகிறார், எந்த நேரம் வாங்குகிறார், என்ன கேட்கிறார் என்று பாருங்கள். போக முடியாத தூரம் என்றால் போனில் வீடியோவாவது எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டாவது, முதல் படம் பென்சிலில் இருக்கட்டும். பளபளப்பான படத்தைக் கண்டால் சனங்களுக்குத் திருத்தம் சொல்லக் கூச்சம். பென்சில் கோடு என்றால் "இத இங்க போடு புள்ள" என்று தாராளமாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் ஜெப் ஹோக்கின்ஸ் என்று ஒருவர், சட்டைப் பையில் வைக்கிற சின்னக் கம்பியூட்டர் ஒன்று செய்ய நினைத்தார். செய்வதற்கு முன்னால் அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் சீவி எடுத்து, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். யாராவது நேரம் கேட்டால் கட்டையை எடுத்து எழுதுகிற மாதிரி பாவனை செய்து பார்ப்பார். பைக்குள் கொள்ளுமா, கைக்குப் பாரமா என்று மரக்கட்டையிலேயே கண்டுபிடித்துவிட்டார். 1996ல் பைலட் என்ற பேரில் அது சந்தைக்கு வந்து நல்லா விற்றது. மரக்கட்டைக்கு என்ன செலவு?

மூன்றாவது, உண்மையான படமும் உண்மையான எழுத்தும் போடுங்கள். நானாவின் சட்டியை நானே போனில் படம் பிடித்தேன். விலையை அவர் வாயால் கேட்டு எழுதினேன். தமிழ் எழுத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இங்கிலீசில "சென்ட்" என்று சின்னதாக முடிகிற பொத்தானில் தமிழில் "அனுப்பவும்" என்று போட்டால் இரண்டு மடங்கு இடம் வேண்டும். "சமர்ப்பிக்கவும்" என்றால் போனில் கோட்டுக்கு வெளியே ஓடிவிடும். லத்தீன் வார்த்தையை நிரப்பிக் காட்டினால் இது எதுவும் முன்கூட்டித் தெரியாது.

அதோடு எழுத்துரு விசயம். நம்ம நாட்டில் பலரும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகியவர்கள். அதில் எழுதியதைப் படமாக்கிக் காட்டினால் தமிழாகத்தான் தெரியும். அதையே இணையத்தளத்தில் போட்டால், அந்த எழுத்துரு இல்லாத போனில் "அம்மா" என்ற சொல் எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று இங்கிலீஷ் எழுத்தாக வந்து நிற்கும். மாதிரிப் படத்திலிருந்தே யூனிகோட் எழுத்தைப் பாவியுங்கள். தமிழ் இன்டர்நெட்டுக்குச் சும்மா வந்துவிடவில்லை. 1995 அக்டோபர் 27ஆம் திகதி சிங்கப்பூரில் அந்த நாட்டுக் கவிதைகளை நான்கு மொழிகளில் இணையத்தில் ஏற்றி ஜனாதிபதி ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தபோது, அதில் தமிழும் தெரிய வேண்டும் என்று நா. கோவிந்தசாமி என்ற எழுத்தாளர், வாத்தியார் வேலை செய்தவர், பாடுபட்டார். அப்படிப்பட்டவர்கள் போட்ட வழியில்தான் நாம் நடக்கிறோம்.

நான்காவது, யார் பாவிக்கப் போகிறாரோ அவருடைய போனில் காட்டுங்கள். உங்களுடைய நல்ல லெப்டொப்பில் காட்டாதீர்கள். திரை வெடித்த போனாக இருந்தால் இன்னும் நல்லது. வெயிலில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி போடுகிற வயசானவரிடமும் ஒரு தரம் கொடுங்கள்.

ஐந்தாவது, "புடிச்சிருக்கா" என்று கேட்காதீர்கள். வேலை கொடுத்துப் பாருங்கள். "நீங்க ஹோட்டல் குசினியில நிக்கிறீங்க, நாளைக்கு இருபது சட்டி வேணும், எங்க தட்டுவீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். இதுதான் ஆகக் கஷ்டம். அவர் விரல் தப்பான இடத்துக்குப் போகும்போது "அங்க இல்ல, இங்க" என்று நமக்குச் சொல்லத் தோன்றும். சொல்லக் கூடாது. விரல் தப்பிப் போனால் படம் பிழை, மனுசர் பிழை இல்லை. நான் நானாவின் மனைவியிடம் கொடுத்தேன். அவர் தேடினது போன் நம்பரை. நான் அதை ஆகக் கீழே, பொடி எழுத்தில் வைத்திருந்தேன். அந்த இடத்திலேயே கொப்பியில் மேலே தூக்கி வைத்துப் பெரிதாக எழுதினேன். ஈமெயில் படிவத்தை எடுத்துவிட்டேன்.

ஆறாவது, படத்தில் எது வெறும் படம் என்று வாயால் சொல்லுங்கள். 2013 அக்டோபர் 1ஆம் திகதி அமெரிக்க அரசாங்கம் மருத்துவக் காப்புறுதிக்கு ஒரு பெரிய இணையத்தளம் திறந்தது. முகப்பு இருந்தது, பொத்தான் இருந்தது. உள்ளுக்குள் நடக்க வேண்டிய வேலை ஓடவில்லை. முதல் நாளில் பதிவு செய்து முடித்தவர்கள் ஆறே ஆறு பேர். அத்தனை பெரிய நாட்டுக்கே அந்த நிலைமை என்றால் நமக்கு எம்மாத்திரம்? அதனால் "இந்தப் பொத்தான் இப்ப வேலை செய்யாது, இது செய்ய இரண்டு கிழமை எடுக்கும், சிங்களப் பக்கம் இன்னும் எழுதவில்லை" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். முடியாததைப் படத்தில் போடவே போடாதீர்கள்.

ஏழாவது, முடியும்வரை என்ன என்று சொல்லுங்கள். நானாவின் கடைப் பலகையில் இருக்கிற நம்பரை மாற்ற வேண்டாம், பழைய ஓடர் கொப்பியை மூட வேண்டாம், இணையத்தளம் ஒரு மாதம் ஒழுங்காக ஓடிய பிறகு பார்க்கலாம் என்று சொன்னேன். அவர் அப்போதுதான் முதல் தரம் மனசு விட்டுச் சிரித்தார். "இப்ப வெளங்குது மகள்" என்றார்.

எட்டாவது, பேசியதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எந்தப் படத்துக்குச் சம்மதம், எத்தனை தரம் திருத்தம் செய்து தருவீர்கள், அதற்கு மேல் திருத்தினால் எவ்வளவு, முற்பணம் எவ்வளவு, எல்லாம் ஒரு பக்கத் தாளில் தமிழில் இருக்கட்டும். யார் முடிவு சொல்கிற ஆள் என்பதையும் எழுதுங்கள். ஒரு கடையில் தகப்பன் சரி என்றார், கட்டாரில் இருந்த மகன் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். மூன்று பேருக்கு நடுவில் நான் அலைந்தேன். நம்ம ஆளுங்க காசு விசயத்தை வாய்விட்டுப் பேச வெட்கப்படுவோம். கொழுந்து நிறுக்கிற இடத்தில் தண்ணிக்கும் கூடைக்கும் எத்தனை கிலோ வெட்டினார்கள் என்று கேட்கக்கூட நம்ம அம்மாமார் பயந்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பயத்தைக் கம்பியூட்டர் வேலைக்கும் கொண்டு போக வேண்டாம். எழுதிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

இப்படிச் செய்த இரண்டாவது படத்தில் நிறம் ஒன்றுதான், படம் ஒன்றுதான். அழகுப் போட்டிக்கு வைத்தால் முதலாவதுதான் பரிசு வாங்கும். ஆனால் நானாவுக்கு ஓடர் வந்தது இரண்டாவதில்தான். மீதிப் பணத்தை அவராகவே கூப்பிட்டுக் கொடுத்தார். கூட ஒரு சட்டித் தயிரும் கொடுத்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இனி தாய் தகப்பன்மாருக்கு இரண்டு வார்த்தை.

உங்க பிள்ளை கொப்பியில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டு, பக்கத்து லயத்துப் பாட்டியிடம் போனைக் கொடுத்து "இதுல எங்க தட்டுவீங்க பாட்டி?" என்று கேட்டுக்கொண்டு இருந்தால், விளையாடுகிறது என்று ஏசாதீர்கள். அது தொழில் பழகுகிறது. அந்தப் பாட்டிதான் அதற்கு நல்ல டேஸ்டர். சிக்னல் இல்லாத லயத்தில் மேட்டில் ஏறி நின்று படம் அனுப்புகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கொழும்புக் கடைக்கு வேலைக்கு அனுப்புகிறதைத் தவிர வேறு வழியும் உண்டு என்று காட்டுகிற பிள்ளைகள் அவர்கள். கம்பியூட்டர் ஒன்று கடனுக்கு வாங்கிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கொப்பியும் பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். அதில் பழகுகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

இரண்டாவது வார்த்தை இதைவிடப் பெரியது. இணையத்தளம் மட்டும்தான் படமாக வருகிறது என்று நினைக்காதீர்கள். நமக்கு வீட்டுப் படமும் வருகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் நம்ம பாட்டன் பூட்டன் காலத்தில் யாரும் படம் காட்டி "இது சரியா" என்று கேட்கவில்லை. கட்டினார்கள், இருத்தினார்கள். இப்போது காணியோடு தனி வீடு என்று வருகிறது. இந்திய அரசாங்கத்தின் உதவியில் முதலில் 4,000 வீடு, பிறகு 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடு என்று அறிவித்தார். வேறு திட்டங்களும் வரலாம். நல்லது, வரட்டும்.

அந்தப் படம் உங்க முன்னுக்கு வரும்போது, நானா என்னிடம் முதல் தரம் சொன்ன மாதிரி "நல்லா இருக்குங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். அவர் இரண்டாம் தரம் செய்ததைச் செய்யுங்கள். விறகு எங்க அடுக்கிறது? மழை பெய்தால் ஓடுகிற தண்ணி எந்தப் பக்கம் போகும்? மண் சரியிற மேடா, இல்லாத மேடா? குழாய்த் தண்ணி படத்தில் மட்டும் வருகிறதா, உண்மையிலேயே வருகிறதா? ரோட்டுக்குப் போக வழி எங்க? வீடு கட்டி முடியும்வரைக்கும் நாங்க எங்க இருக்கிறது, எத்தனை மாதம்? காணிக்கு உறுதி யார் பேரில்? இப்படிக் கேட்டால் வரைந்தவர் கோபிப்பார் என்று நினைக்க வேண்டாம். நானும் வரைகிறவள்தான். கேள்வி கேட்கிறவர் கிடைத்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். கேள்வி கேட்காத மனுசரிடம்தான் நான் மூன்று கிழமையைத் தொலைத்தேன்.

எங்க அம்மா இப்ப என்னைப் பற்றி ஊரில் என்ன சொல்லுறாங்க தெரியுமா? "எம் மக சாம்பிள் காட்டுற வேலைல இருக்கு"ன்னு. அதைவிடச் சரியாக என் தொழிலை யாரும் சொன்னதில்லை. சாம்பிளும் மூட்டையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அவங்க எடுத்த கொழுந்தில் இருந்து நான் படித்த பாடம்.

பேச்சு முடிந்தது. ஆனால் நான் இன்னும் போகவில்லை. வாசிகசாலையின் பின் மேசையில் கொப்பியும் பென்சிலும் வைத்திருக்கிறேன். நம்ம தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கு ஒரு சின்ன இணையத்தளம் வேண்டும் என்று இங்க சொன்னாங்க. பிள்ளைகளை விட்டுட்டு மலைக்குப் போற தாய்மார் வந்து, அதில் உங்களுக்கு என்ன தெரியணும் என்று சொல்லுங்க. நீங்க சொல்லச் சொல்ல நான் கோடு போடுறேன். பிழையாப் போட்டா உடனே சொல்லுங்க, அழிக்க ரப்பரும் கொண்டு வந்திருக்கேன்.